கருமணலுக்கு இறங்கும் வழி

மேலே கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் என்னிடம்தான் கேட்டார், அவளிடம் கேட்கவில்லை. "சாரே, எறங்கிப் போயிரலாம். கேறி வரதுக்குத்தான் பாடு. அம்மைக்கு முடியுமா?" என்று குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் சொல்வது போல. எல்லோருக்கும் இதே வழக்கம். பெண்டாட்டியின் காலுக்கு முடியுமா என்று புருஷனிடம் கேட்பார்கள், பெண்டாட்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று புருஷனிடம் சொல்வார்கள், அவள் இரண்டடி தள்ளி நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருப்பாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லி வாயை மூடுவதற்குள் பிரமு முதல் திருப்பத்தைத் தாண்டியிருந்தாள். செம்பாறைச் சரிவு, வீட்டு மாடிப்படியை விடச் செங்குத்து, கொல்லா என்று இங்கே சொல்லும் முந்திரிமரத்து வேர்கள்தான் படி, ஒரு பக்கம் கயிறு கட்டியிருக்கிறார்கள், மறுபக்கம் ஒன்றும் கட்டவில்லை, கீழே கடல். ஐம்பத்தாறு வயசுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று இறங்குகிறாள். ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் இறங்குகிறாள். டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னது உண்மைதான். ஏன் வேண்டாம் என்று சொன்னார் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. போன வாரம் புதன்கிழமையிலிருந்து சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், கீழே மணலில் கால் வைத்ததும் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் மார்த்தாண்டத்தில் பல் தேய்க்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். நெல்லையிலிருந்து கிளம்பும்போதும் இப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன், ரயிலில் அவள் வேர்க்கடலை உரித்துத் தந்தாள், தின்றுகொண்டே வந்தேன்.

கயிறு ஈரமாக இருக்கிறது, உப்பு ஈரம், உள்ளங்கை பிசுபிசுக்கிறது. அவள் கயிற்றைப் பிடிக்கவே இல்லை. முதுகைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் இரண்டு விரல் அளவு பிடித்துத் தைத்திருக்கிறாள், போன மாதம்தான், "கல்யாண அலைச்சல், நல்லதாப் போச்சு, சுகர் வராது" என்று சிரித்துக்கொண்டே தைத்தாள், நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். கோத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு. முப்பத்திரண்டு வருஷம் பாளையங்கோட்டையில் மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன். சீட்டைப் பார்த்ததும் எந்த வீட்டில் என்ன என்று தெரிந்துவிடும். மகன் வருவான், மருமகள் வருவாள், "தெய்வநாயகம் அண்ணாச்சி, பேரு தெரியாமக் கிழிச்சுத் தாங்க, அம்மை படிச்சிரும்" என்பார்கள். நானும் அட்டையைப் பின்பக்கம் திருப்பி, எழுத்து இருக்கிற தாளை நகத்தால் சுரண்டி, மாத்திரையை மட்டும் வெள்ளைக் கவரில் போட்டுக் காலை, இரவு என்று எழுதிக் கொடுப்பேன். சத்து மாத்திரை என்று சொல்லுங்கள் என்று நானே சொல்லியும் கொடுப்பேன். அண்ணாச்சிக்கு எவ்வளவு மனசு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எத்தனை பேருக்கு அப்படிச் சுரண்டிக் கொடுத்திருப்பேன். அதில் ஒருத்தராவது திரும்பி வந்து, என் வயிற்றில் இருந்ததை என்னிடம் சொல்லாமல் இருக்க நீ யார் என்று கேட்டதில்லை. திரும்பி வரக்கூடியவர்களாக அவர்கள் யாரும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. வேரில் கால் இடறுகிறது, "பாத்து வாங்க, என் முதுகுல என்ன எழுதியா ஒட்டியிருக்கு" என்கிறாள் திரும்பாமலே.

முதல் தடவை டாக்டரிடம் போனது ஐப்பசி கடைசி. மழை. ஆஸ்பத்திரி வராந்தாவில் குடைகள் விரிந்து கிடந்தன, அவள் வெளியே உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணிடம் இட்லிக்கு எந்த அரிசி என்று பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் கட்டி, சாதாரணக் கட்டி இல்லை, மூன்று வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். நல்ல வாய்ப்பு. இந்த இரண்டு வார்த்தையை எத்தனை தரம் வாய்க்குள் போட்டு மென்றிருப்பேன். "அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்கவும் செய்தார் அந்த அம்மா. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொல்லிக்கிடுதேன் என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டு வெளியே வந்து, சின்னக் கட்டிதான், எடுத்துப்போட்டால் சரியாகிவிடும் என்றேன். மனசு தளர்ந்துவிடக் கூடாது, தைரியமாக ஆபரேஷனுக்கு வரட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். இதில் என்ன தப்பு, உலகத்தில் எல்லோரும் செய்வதுதானே. பிரமு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னதுதான, அப்பம் தை முடியட்டும். பூரணி கல்யாணத்த முடிச்சுட்டு ஆற அமரப் படுத்துக்கிடுதேன்" என்றாள். தை முடியட்டும். இங்கேதான் எனக்கு எப்போதும் மாட்டிக்கொள்கிறது, இதற்கு மேல் யோசனை போகாது, திரும்ப மழைக்குப் போய், குடைக்குப் போய், இட்லி அரிசிக்குப் போய் மறுபடியும் இங்கேயே வந்து நிற்கும். பூரணி அவள் தங்கை சொர்ணத்தின் மகள், எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டில் நின்றுதான் படித்தாள், அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவள் பிரமு. அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் போய்ப் படு என்று எதைச் சொல்லி வற்புறுத்துவது. டாக்டர் சீக்கிரம் வரச் சொல்லுதாங்க என்று சொல்லிப்பார்த்தேன். "டாக்டர்மாருக்கு எப்பவும் அவசரம்தான்னு நீங்கதான சொல்லுவிய" என்றாள். ஆமாம், கடையில் நின்று பல வருஷம் நான் சொன்னதுதான். இன்னொரு நாள் கோபப்பட்டுப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்த வியாதியின் பேரைச் சொல்லியிருந்தால் அடுத்த நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். கார்த்திகை போனது, மார்கழி போனது.

எதிரே ஒரு பெண் ஓலைக்கட்டு சுமந்து மேலே வருகிறாள், என் வயசுதான் இருக்கும், மூச்சுக்கூட வாங்கவில்லை. வழிவிட்டு நிற்கிறோம். "ஏற எம்புட்டு நேரம் ஆவும் தாயி?" என்று பிரமு கேட்கிறாள். அந்தப் பெண் ஓலைக்கட்டோடு நின்று அவளை மேலும் கீழும் பார்க்கிறாள், பார்வை வயிற்றில் ஒரு கணம் நிற்கிறது, வீங்கியிருப்பது சேலைக்கு மேலும் தெரிகிறதா, கால் ஒல்லியாக, முகம் ஒல்லியாக, வயிறு மட்டும் இப்படி, பெண்களுக்குத் தெரிந்துவிடுமோ. "எனக்குக் கால் மணிக்கூறு. நீங்க அங்கங்க இருந்து இருந்து கேறுங்க, ஒண்ணும் அவசரம் இல்ல பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பாள். ஆனால் நான் இப்போதெல்லாம் பால்காரன் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பிரமு மரத்தில் கை வைத்து நிற்கிறாள். நிற்பது கடலைப் பார்க்கவா, மூச்சுக்கா. மேல் உதட்டில் வேர்வை. இதுதான் சமயம், இங்கேயே சொல்லி இங்கிருந்தே திருப்பிக் கூட்டிப்போய்விடலாம், பாதி தூரம்தான் இறங்கியிருக்கிறோம். இன்னும் இறங்க இறங்க ஒவ்வொரு படியும் அவள் ஏற வேண்டிய படி, இறங்கும்போது சிரிக்கிறவள் ஏறும்போது எந்தத் திருப்பத்தில் உட்காருவாள், உட்கார்ந்து என்ன கேட்பாள். கயிறு கட்டாத பக்கம் எட்டிப்பார்த்தேன். வேர், பாறை, தாழம்புதர், அப்புறம் ஒன்றுமில்லை. இங்கே கால் வழுக்கினால் அவளுக்கு ஒன்றும் தெரியாமலே முடிந்துவிடும், வலி வராது, நான் சொல்ல வேண்டியதும் வராது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்ன, வந்து உட்கார்ந்தே விட்டது. சீ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் நினைத்தது நான்தான். ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன, திடீர்னு மாப்பிள்ளை மாதிரி" என்று கையை உதறாமல் நடந்தாள்.

மாப்பிள்ளை. பூரணியின் மாப்பிள்ளை மார்த்தாண்டத்துப் பையன், நல்ல பையன். மறுவீட்டு விருந்துக்குப் போயிருந்தபோது போனில் இந்தக் கடற்கரையைக் காட்டினான், கரிய மணல், வெள்ளை நுரை. "இப்படியும் ஒரு எடமா, அடுப்புக்கரி மாதிரி" என்று பிரமு அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று அவளுக்கு வலி இருந்தது. எனக்குத் தெரியும். தாலித் தட்டை எடுத்துக்கொண்டு பந்தலில் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் நீட்டி வாழ்த்து வாங்கி வந்தாள், நடுவில் ஒரு தூணைப் பிடித்து நின்றாள், நாதஸ்வரக்காரர் பக்கத்தில். ஓடிப்போய் மண்டபத்து ஸ்டோர் ரூமில், வாழைத்தார்களுக்கு நடுவே உட்காரவைத்து வலி மாத்திரையைக் கொடுத்தேன், காஸ் மாத்திரை என்றேன். சத்து மாத்திரை டப்பாவுக்குள் அதைப் போட்டுவைத்திருந்தேன், முப்பத்திரண்டு வருஷத் தொழில் அல்லவா, கை தானாகச் செய்யும். பத்து நிமிஷத்தில் எழுந்துபோய்ப் பூரணிக்குக் கூறைப்புடவை கட்டிவிட்டாள். போட்டோவில் அவள் முகம்தான் எல்லோருக்கும் மேலே பளிச்சென்று இருக்கிறது. இதை நான் பிடித்துத் தொங்கிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். அவளிடம் கேட்டிருந்தாலும் இந்தக் கல்யாணத்தைத்தான் கேட்டிருப்பாள், ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கேட்டிருக்க மாட்டாள், ஆக நான் அவளுக்கு நல்லதுதான் செய்தேன் என்று. நன்றாகத்தான் இருந்தது இந்தச் சமாதானம், ஒரு மூன்று நாள் ராத்திரி தூங்கவும் செய்தேன். அப்புறம் அதுவும் கழன்றுவிட்டது. கேட்டிருந்தால் என்று நானே சொல்கிறேனே, கேட்கவில்லையே. கேட்டு அவள் கல்யாணம்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அது அவள் கல்யாணம். இப்போது அது நான் திருடி அவளிடமே கொடுத்த கல்யாணமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது, சொர்ணத்துக்குத் தெரியாது, பூரணிக்குத் தெரியாது, மாப்பிள்ளை காலையில் கார் கொண்டுவந்து மேலே இறக்கிவிட்டு, "ரெண்டு பேரும் ஜாலியாப் பாத்துட்டு வாங்க மாமா" என்றான்.

புதன்கிழமை அதே டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் அதிக நேரம் பிடித்திருக்கவில்லை. கீழே வைத்துவிட்டார். "ஏன் வரல?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை, ஏன் வரவில்லை என்று மெல்லக் கேட்டார், அதற்கு நான் வீட்டில் ஒரு கல்யாணம் என்றேன். அதைச் சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது. ஈரல் வரைக்கும் போய்விட்டது, இனி வயிற்றைத் திறப்பதில் அர்த்தமில்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்பதற்குள் அவரே ஆடி வரைக்கும் என்றார், கொஞ்சம் முன்னேபின்னே. இப்போது மாசி. வெளியே வந்தால் பிரமு எழுந்து நின்று என் முகத்தையே பார்க்கிறாள். ஆபரேஷன் வேண்டாமாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவளே சொல்லிக்கொண்டாள். "சுருங்கிட்டா? நான் சொன்னேம்லா" என்று இரண்டு கையையும் கூப்பி மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டாள், உள்ளே டாக்டரம்மா இருந்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். தெருவில் எல்லோரிடமும் சொன்னாள், எதிர்வீட்டுக்குக் கேசரி கொடுத்தாள். அந்தக் கேசரியை நானும் சாப்பிட்டேன், நெய் கூடுதலாகப் போட்டிருந்தாள். ரெண்டு பேருமா எங்கயாவது போயிட்டு வருவோம், எனக்கு அந்தக் கரிமணலைப் பாக்கணும் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இப்படித்தான் என்னால் எதையுமே தடுக்க முடியாமல் போகிறது. நானே போட்ட பூட்டு, சாவியை விழுங்கியவனும் நானே.

பாதை தீர்ந்துவிட்டது. கடைசிப் பாறையிலிருந்து அவள் கீழே குதித்தாள், சின்னக் குதிதான். மணல் கறுப்பு, உண்மையிலேயே கறுப்பு, நடுநடுவே மினுமினுவென்று ஏதோ, அலை வந்துபோன இடத்தில் ஈரத்தில் இன்னும் கறுத்து. யாருமே இல்லை. மணி பத்துகூட ஆகவில்லை, அதற்குள் மணல் சூடேறிவிட்டது, செருப்பைக் கழற்றியவள் "ஆத்தாடி" என்று ஈரத்துக்கு ஓடினாள். ஓடினாள் என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நுரையில் நின்றாள். குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், தண்ணீர் வடிந்தது, மணல் விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "எவ்வளவு கனம் பாருங்க" என்று என் கையிலும் வைத்தாள். கனம்தான். அப்புறம் மெதுவாக, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஈர மணலில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபோது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை இருமல் மாதிரி ஆக்கிவிட்டாள். நான் மேலே பார்த்தேன். செம்பாறை அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் நிற்கிறது, காவல்காரரின் ஸ்டூல் கண்ணுக்குத் தெரியவில்லை, நாங்கள் வந்த வழி எது என்றுகூடத் தெரியவில்லை. இவளை எப்படி மேலே கொண்டுபோவேன். தூக்கிக்கொண்டா, அறுபத்தோரு வயசில், முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் இரைச்சலில் தெரியாது என்று நினைத்தேன்.

"ஏங்க" என்றாள். "என்னத்துக்கு இப்பம் அழுதிய?"

"பிரமு, டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னது" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்துவிட்டேன், நாலு மாதத்தில் முதல் தடவையாக வாய் அந்த வழியில் திரும்பிவிட்டது, இனி அடுத்த வார்த்தை மட்டும்தான், அதைத் தேடினேன், முப்பத்திரண்டு வருஷமாக நகத்தால் சுரண்டிய அந்தப் பேர் நாக்குக்கு அகப்படவில்லை.

அதற்குள் அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள், கன்னத்தில் மணல் ஒட்டியது.

"உங்களுக்கு இன்னும் அந்தப் பயம் போகல்லை, என்ன? ஐப்பசியில இருந்து பாத்துட்டுதான வாரேன், ராத்திரில எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிடுதிய" என்றாள். "இங்க பாருங்க. எனக்கும் அப்பம் உள்ளுக்குள்ள பயம்தான். வலி எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியாதா. ஆனா நான் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் தைரியமா இருந்தேன். மருந்துக்கடையிலயே கெடந்த ஆளு, உங்களுக்குத் தெரியாத வியாதியா. நெசமாவே பெருசா ஏதாவது இருந்திருந்தா என்னைக் கல்யாணம் வரைக்கும் விட்டிருப்பியளா? காலப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுல்லா போயிருப்பிய ஆஸ்பத்திரிக்கு."

அலை வந்து எங்கள் காலைத் தொட்டுவிட்டுப் போனது.

"சொல்லுங்க" என்று தோளில் இடித்தாள். "இழுத்துட்டுப் போயிருக்க மாட்டியளா?"

"போயிருப்பேன்" என்றேன்.